தென்காசி வண்டி எந்த வழி? பி10 எல்.இ.டி. போர்டிலிருந்து காதுக்கு ஒளியில் தகவல்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போக இரண்டு வழி உண்டு. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக ஒன்று. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் (அம்பை), கடையம் வழியாக இன்னொன்று. நடைமேடைக்கு மேலே தொங்கும் சிவப்பு எழுத்து போர்டில் ‘தென்காசி’ என்று ஓடி, பின்னால் ‘அம்பை வழி’ என்றோ ‘ஆலங்குளம் வழி’ என்றோ வரும். கண் தெரிந்தவருக்கு அது போதும். பார்வையற்றவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். அவர் ‘தென்காசி வண்டிதான், ஏறுங்க’ என்று சொல்லிவிட்டால், கடையத்தில் இறங்க வேண்டியவர் ஆலங்குளத்தில் போய் நிற்பார். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நெடுங்காலமாக நடந்துவருவதால், இங்குள்ள பேருந்து நிலையங்களில் தனியாகப் பயணம் செய்யும் பார்வையற்றவர்கள் அதிகம்.

அந்த போர்டின் ஒளியிலேயே, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், அதே செய்தியை ஏற்றி, கையடக்கப் பெட்டி ஒன்றால் பிடித்துக் காதில் ஒலிக்கச் செய்வதே இங்கே ஆய்ந்த ஏற்பாடு. ஒரு நடைமேடை, ஒரு போர்டு, ஒரு கைப்பெட்டி, நடுவே 5 மீட்டர். ஒளி அளவு, மின்னோட்டம், இரைச்சல் பற்றிக் கீழே வரும் எண்கள் உதிரிபாகங்களின் தரவுத்தாளை வைத்துப் போட்ட கணக்கு. வேறு பேனல், வேறு தூரம் என்றால் அதே கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

புளூடூத் போதாதா என்ற கேள்வி முதலில் வரும். ரேடியோ அலை பக்கத்து நடைமேடைக்கும் பரவும். பக்கத்திலுள்ள எல்லா போர்டும் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் வரும், எது எந்த நடைமேடை என்று தெரியாது. ஒளி அப்படியல்ல. பெட்டியை எந்த போர்டுக்கு நேரே நீட்டுகிறோமோ அது மட்டும் பேசும். இந்த ஒரு குணத்துக்காகத்தான் மற்ற சிரமங்களைத் தாங்கிக்கொள்கிறோம்.

யோசனை புதிதல்ல. கிரகாம் பெல் 1880இலேயே சூரிய ஒளியில் பேச்சை அனுப்பிக் காட்டினார். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் கிரந்தம் பாங் குழுவினர் 1999இல் எல்.இ.டி. போக்குவரத்து விளக்கையே ஒலிபரப்பியாகப் பயன்படுத்துவது பற்றி எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தகவல் அனுப்புவதற்கான, ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பின் 802.15.7 தரநிலை 2011இல் வந்தது. 2018இல் வந்த திருத்தத்தில் ஒளித் தகவலைக் கேமராவால் வாங்கும் முறையும் சேர்ந்தது. ஆனால் அந்தத் தரநிலையை வரிக்கு வரி பின்பற்றினால் கடையில் கிடைக்கும் பி10 பேனலில் (புள்ளிக்குப் புள்ளி 10 மி.மீ. உள்ள எல்.இ.டி. பலகை) வேலை ஆகாது. பேனலின் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வளைய வேண்டும்.

பேனலுக்குள் என்ன நடக்கிறது

ஒற்றை நிற பி10 பேனல் 320 மி.மீ. அகலம், 160 மி.மீ. உயரம். 32 நெடுவரிசை, 16 கிடைவரிசை, மொத்தம் 512 எல்.இ.டி. இந்த போர்டில் மூன்று பேனல் பக்கவாட்டில்: 96 x 16 புள்ளி, 960 மி.மீ. நீளம்.

எல்லா எல்.இ.டி.யும் ஒரே சமயம் எரிவதில்லை. 16 வரிசையும் நான்கு குழுவாகப் பிரிந்து, ஒரு நேரத்தில் ஒரு குழு மட்டும் எரியும். முதல் குழுவில் 0, 4, 8, 12ஆம் வரிசைகள். இரண்டாவதில் 1, 5, 9, 13. இப்படியே மற்ற இரண்டும். ஒரு குழுவில் மூன்று பேனலுக்கும் சேர்த்து 384 எல்.இ.டி. எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்பதை 74எச்.சி.595 சில்லுகள் வைத்திருக்கும், பேனலுக்கு 16 வீதம். எந்தக் குழு என்பதை 74எச்.சி.138 தேர்ந்தெடுத்து, 4953 மாஸ்ஃபெட்டுகளை (மின் சுவிட்சுகளை) திறக்கும். ஹப்-12 சாக்கெட்டில் ஏ, பி என்ற இரண்டு கம்பி குழுவைச் சொல்லும். 1ஆம் முனையில் உள்ள ஓ.இ. கம்பி மொத்த பேனலையும் எரியவோ அணையவோ வைக்கும். நமக்கு வேண்டிய வாசல் அந்த ஓ.இ. கம்பிதான். சாதாரணமாக இது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பயன்படுகிறது. இந்த வகைப் பேனல்களில் ஓ.இ.க்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் எரியும்.

போர்டுடன் வரும் ரெடிமேட் கன்ட்ரோல் கார்டை வைத்துக்கொண்டு, ஓ.இ. கம்பியை வெட்டி நடுவே ஒரு 74எச்.சி.08 (இரண்டு உள்ளீடும் ‘1’ ஆனால் மட்டும் ‘1’ தரும் சில்லு) போட்டுத் தகவலைக் கலக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். செய்யலாம், ஓரளவு ஓடவும் செய்யும். ஆனால் கார்டு எப்போது குழு மாற்றுகிறது என்பது நமக்குத் தெரியாது. பிட்டின் நடுவில் மாற்றிவிடும். வெளிச்சத்தைக் குறைக்க அதுவும் ஓ.இ.யைத் துண்டு துண்டாக வெட்டும். பாதி நாள் தேடியும் பிடிபடாத பிழைகள் இங்கேதான் முளைக்கும். கார்டைக் கழற்றிவிட்டு இ.எஸ்.பி.32 என்ற மைக்ரோ கன்ட்ரோலரை வைப்பதே நல்லது.

இ.எஸ்.பி.32 வைப்பவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. அதன் வெளியீடு 3.3 வோல்ட். பேனலின் நுழைவாயிலில் சிக்னலை வாங்கி உள்ளே கொடுக்கும் 74எச்.சி.245 சில்லு, 5 வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் ‘1’ என்று எடுத்துக்கொள்வதாக உறுதி தருகிறது. மேசையில் குட்டையான ரிப்பன் கேபிளில் ஓடிவிடும். நீளக் கேபிள் போட்டு, தகரப் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் வைத்தால் எழுத்து சிதறும். நடுவே ஒரு 74எச்.சி.டி.245 போட்டால் தீர்ந்தது. அதற்கு 2 வோல்ட் போதும். ‘டி’ எழுத்து முக்கியம். கடையில் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்பார்கள், ஒன்றல்ல.

நேரக் கணக்கு

ஒரு குழு எரியும் நேரத்தில் ஒரு பைட் அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகிறது. மான்செஸ்டர் முறை: ஒவ்வொரு பிட்டும் 100 மைக்ரோ நொடி, அதில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. எது முன்னால் வருகிறது என்பதே பிட்டின் மதிப்பு. தொடக்க பிட் ஒன்று, தகவல் எட்டு, பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) ஒன்று, ஆகப் பத்து பிட், 1,000 மைக்ரோ நொடி. அதன் பின் 150 மைக்ரோ நொடி முழு இருட்டு. அந்த இருட்டில்தான் லாட்ச் அடிப்பதும் (உள்ளே தள்ளிய புள்ளிகளை வெளியீட்டுக்கு மாற்றுவதும்) ஏ, பி கம்பிகளை மாற்றுவதும். அடுத்த குழுவுக்கான 384 பிட்டை முந்தைய குழு எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே தள்ளிவிடலாம். 4 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அதற்கு 96 மைக்ரோ நொடிதான் ஆகும்.

இடைவெளி ஏன் 150? மான்செஸ்டரில் ஒரே நிலை தொடர்ந்து அதிகபட்சம் 100 மைக்ரோ நொடி நீடிக்கும். இடைவெளியையும் 100 என்று வைத்தால் தகவலுக்கும் இடைவெளிக்கும் வித்தியாசம் தெரியாது. 150 வைத்தால், முந்தைய பிட் எப்படி முடிந்தாலும் இருட்டு 150 அல்லது 200 ஆக வரும். தகவலை வாங்கும் பக்கத்தில் 125க்கு மேல் இருட்டு வந்தால் ‘பைட் முடிந்தது’ என்று முடிவு செய்யலாம். தொடக்க பிட் எப்போதும் வெளிச்சத்தில் ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு: அணைந்த வரிசையில் தங்கும் மின்னூட்டம் வடிய நேரம் கிடைப்பதால், மேல் வரிசை எழுத்தின் நிழல் கீழ் வரிசையில் மங்கலாகத் தெரியும் பேய்ப்பிம்பமும் போய்விடும்.

ஒரு குழுவுக்கு 1,150 மைக்ரோ நொடி, நான்கு குழுவுக்கு 4.6 மில்லி நொடி. நொடிக்கு 217 முறை போர்டு முழுதும் புதுப்பிக்கப்படுகிறது. 802.15.7 சொல்லும் 200 ஹெர்ட்ஸ் எல்லைக்கு மேலே இருப்பதால் கண்ணுக்கு நடுக்கம் தெரியாது. நொடிக்குச் சுமார் 870 பைட் போகும். இந்தக் காலத்தில் இது ஒரு வேகமா என்று கேட்கலாம். இங்கே அனுப்புவது வண்டி போகும் ஊரும் நேரமும் மட்டுமே; வேகம் கூட்டினால் இரைச்சல் கூடுமே தவிர வேறு பயன் இல்லை.

இ.எஸ்.பி.32இல் ஓ.இ. கம்பியை மென்பொருள் காத்திருப்பு வளையத்தால் ஆட்டக் கூடாது. வைஃபை வேலை இடையில் புகுந்தால் பிட் நீண்டுவிடும். அதற்கென உள்ள ஆர்.எம்.டி. வன்பொருளுக்கு 1 மைக்ரோ நொடி அளவில் நீளங்களைக் கொடுத்துவிட்டால் அதுவே சரியாக அனுப்பும்.

நான்கால் வகுபடும் பொதியின் வம்பு

ஒரு முறை அனுப்பும் முழுச் செய்தி, அதாவது செய்திப் பொதி, முதலில் 16 பைட்டாக அமைந்தது: தொடக்கத்தைக் காட்டும் ஒத்திசைவுக்கு 2, போர்டு எண் 1, நடைமேடை எண் 1, பதிவு செய்த குரல் துண்டுகளின் எண்கள் 8, மணி 1, நிமிடம் 1, மொத்தப் பொதியிலும் பிழை பார்க்கும் சி.ஆர்.சி. 2. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு விசித்திரமான பிழை வருகிறது: சில செய்திகள் முதல் முறையே வந்துவிடும், சில எவ்வளவு நேரம் நீட்டிப் பிடித்தாலும் வராது. வராத செய்தியில் எப்போதும் அதே இடத்துப் பைட்டுகள்தான் கெட்டிருக்கும்.

காரணம் தமிழ் எழுத்தின் வடிவமும் நான்கு என்ற எண்ணும். 16 என்பது நான்கால் வகுபடுகிறது. ஆகவே 0, 4, 8, 12ஆம் பைட் எப்போதும் முதல் குழுவில், 1, 5, 9, 13ஆம் பைட் எப்போதும் இரண்டாம் குழுவில் ஏறும். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் இந்த ஜோடி மாறாது. இப்போது எழுத்தைப் பாருங்கள். ப, ட, ம போன்ற எழுத்துகளுக்கு அடியில் நீளமான கிடைக்கோடு. 16 புள்ளி உயரத்தில் எழுத்தின் உடல் 4ஆம் வரிசையிலிருந்து 12ஆம் வரிசை வரை அமைந்தால், மேல் கோடும் அடிக்கோடும் இரண்டுமே முதல் குழுவில் விழும். அந்தக் குழு நன்றாக எரியும். மற்ற மூன்றில் செங்குத்துக் கோடுகளின் வெட்டுப்புள்ளிகள் மட்டும். வெளிச்சம் குறைந்த குழுவில் சிக்கிய பைட் ஒவ்வொரு முறையும் அங்கேயே சிக்கும்.

பதினேழாவது பைட் ஒன்றைச் சேர்ப்பதே தீர்வு. இது எத்தனையாவது பொதி என்ற எண்ணிக்கையை அதில் வைக்கலாம். 17ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. ஒவ்வொரு முறையும் எல்லாப் பைட்டும் ஒரு குழு தள்ளிப்போகும். நான்கு சுற்றுக்குள் ஒவ்வொரு பைட்டும் நான்கு குழுவிலும் ஏறிவிடும். ஒரு பொதிக்கு 19.55 மில்லி நொடி, ஆக நொடிக்கு 51 முறை. வாங்கும் பக்கத்தில், பாரிட்டி சரியாக வந்த பைட்டுகளைச் சேர்த்துவைத்து, 17உம் நிறைந்ததும் சி.ஆர்.சி. பார்க்க வேண்டும், எண்ணிக்கைப் பைட் ஒவ்வொரு முறையும் மாறுவதால் அதை சி.ஆர்.சி. கணக்கில் சேர்க்கக் கூடாது. நடுவே ஒருவர் குறுக்கே நடந்துபோனாலும் அரை நொடியில் திரும்பக் கிடைத்துவிடும். இது ஒருவழிப் பாதை, ‘மறுபடி சொல்’ என்று போர்டைக் கேட்க முடியாது. சலிக்காமல் திரும்பச் சொல்வது மட்டுமே போர்டின் கையில் இருக்கிறது.

ஓடும் எழுத்து முழுதும் வெளியேறி அடுத்தது உள்ளே வரும் சில கணம் போர்டில் ஒரு புள்ளியும் எரியாது. வெளிச்சம் இல்லையென்றால் தகவலும் இல்லை. ஆகவே எப்போதும் எரியும் ஒரு கோடு வேண்டும். அடியில் ஒரு கிடைக்கோடு போடலாம் என்று முதலில் தோன்றும். அது ஒரே ஒரு வரிசை, ஒரே ஒரு குழுவுக்குத்தான் உதவும். செங்குத்துக் கோடுதான் வேண்டும். ஒரு நெடுவரிசையில் 16 புள்ளி, குழுவுக்கு 4 வீதம் நான்கு குழுவுக்கும் சமமாகப் பிரியும். இடது ஓரத்தில் இரண்டு, வலது ஓரத்தில் இரண்டு என நான்கு நெடுவரிசை போட்டால், போர்டு வெறுமையாக இருந்தாலும் ஒவ்வொரு குழுவிலும் 16 எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கும். எழுத்துக்கு 92 நெடுவரிசை மிச்சம். பார்ப்பவருக்கு அது போர்டின் கரை மாதிரி இருக்கும்.

கைப்பெட்டி: பகலில் ஏன் வேலை செய்யாது

ஒளியைப் பிடிக்க, ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் பி.பி.டபிள்யூ.34 போட்டோடையோடு. பரப்பு 7.5 சதுர மி.மீ. வாங்கும்போது உறை தெளிவாக, உள்ளே சில்லு தெரியும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதே அளவில் கறுப்பு உறையோடு வருவது ரிமோட் கன்ட்ரோலுக்கானது. அகச்சிவப்பு மட்டும் உள்ளே விடும், போர்டின் 625 நானோமீட்டர் சிவப்பு அதற்குத் தெரியாது.

ஓர் எல்.இ.டி. நேர் திசையில் 1 கேண்டலா (ஸ்டெரேடியன் என்ற கன கோண அலகுக்கு 1 லூமென்) தருவதாக வைத்துக்கொள்வோம். 625 நானோமீட்டரில் 1 வாட் என்பது சுமார் 219 லூமென். ஆக ஓர் எல்.இ.டி.க்கு ஸ்டெரேடியனுக்குச் சுமார் 4.6 மில்லிவாட். குழுவில் கால்பங்கு, 96 எல்.இ.டி., எரிந்தால் 5 மீட்டரில் போட்டோடையோடு தரும் மின்னோட்டம் சுமார் 50 நானோ ஆம்பியர். ஓரக்கோடு மட்டும் எரிந்தால் 9 நானோ ஆம்பியர். பகலில், நிழலில் நின்றாலும், சுற்று வெளிச்சம் தரும் மின்னோட்டம் 100 மைக்ரோ ஆம்பியர் வரை போகலாம். நமக்கு வேண்டியதைப்போல் இரண்டாயிரம் மடங்கு!

மாதிரிச் சுற்றுகளில் போட்டோடையோடுக்குப் பின்னால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். இரவில் பிரமாதமாக வேலை செய்யும். பகலில் 5 மைக்ரோ ஆம்பியர் வந்தாலே வெளியீடு 5 வோல்ட்டில் போய் முட்டி நின்றுவிடும். ராத்திரி ஓடியது காலையில் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்தப் பெட்டியில் போட்டது 22 கிலோ ஓம். சிறிய ரெசிஸ்டர் இரைச்சலைக் கூட்டும் என்ற பயம் வரும். கணக்குப் பார்த்தால் போய்விடும். 40 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 22 கிலோ ஓமின் வெப்ப இரைச்சல் சுமார் 0.17 நானோ ஆம்பியர். 100 மைக்ரோ ஆம்பியர் சுற்று வெளிச்சம் தன்னாலேயே கொண்டுவரும் ஷாட் இரைச்சல் (மின்னோட்டம் எலக்ட்ரான் எலக்ட்ரானாக வருவதால் எழும் தடுமாற்றம்) சுமார் 1.1 நானோ ஆம்பியர். பெரிய ரெசிஸ்டர் போட்டாலும் இந்த 1.1 குறையப் போவதில்லை. பகல் வெளிச்சத்தில் ரெசிஸ்டரைப் பெரிதாக்கிப் பிரயோசனம் இல்லை.

சுற்று இதுதான். எம்.சி.பி.6024, ஒரே உறையில் நான்கு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று), 10 மெகாஹெர்ட்ஸ். முதல் ஆப்-ஆம்ப்பின் மைனஸ் காலில் போட்டோடையோடின் கேத்தோடு, ஆனோடு கிரவுண்டில், பிளஸ் காலில் 0.5 வோல்ட். பின்னூட்டத்தில் 22 கிலோ ஓமும் 180 பிகோ ஃபேரடும் இணையாக. 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும். அடுத்து 10 நானோ ஃபேரட், 47 கிலோ ஓம். இது 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். சுற்று வெளிச்சமும், டியூப் லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பில் பெரும்பகுதியும் இங்கே நின்றுவிடும். இந்த எல்லையை 1 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தக் கூடாது. 100 மைக்ரோ நொடி நீளும் நிலை பாதியில் சரிந்துவிடும். அப்புறம் 15 மடங்கு, மறுபடி 15 மடங்கு, ஆக 225. ஓரக்கோடு மட்டும் எரியும்போதும் 44 மில்லிவோல்ட் கிடைக்கும்; ஷாட் இரைச்சல் 5 முதல் 6 மில்லிவோல்ட். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரே நெடுவரிசை போட்டிருந்தால் 22 மில்லிவோல்ட்தான் வரும், பிழை மலியும். இரட்டைக் கோடு போட்டதன் காரணம் இது. நான்காவது ஆப்-ஆம்ப் நடு மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க. எல்.எம்.358 இந்த இடத்துக்கு ஆகாது, வேகம் பத்தாது.

கடைசியில் சிக்னலை 0 அல்லது 1 ஆக்கும் எல்.எம்.393 கம்பேரேட்டர். 1 கிலோ ஓம், 470 கிலோ ஓம் ஜோடியால் 10 மில்லிவோல்ட் ஹிஸ்டெரிசிஸ், சிறு இரைச்சலுக்கு அது முன்னும் பின்னும் தாவாதிருக்க. வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு இழுக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் மறக்கக் கூடாது. அது இல்லாமல் அந்தக் கால் மேலே எழும்பாது. அங்கிருந்து ஆர்டினோ நானோ என்ற சிறு மைக்ரோ கன்ட்ரோலர் பலகையின் 8ஆம் முனைக்கு. அதன் இன்புட் கேப்ச்சர் ஒவ்வொரு விளிம்பின் நேரத்தையும் 0.5 மைக்ரோ நொடி துல்லியத்தில் பிடிக்கும். இரண்டு விளிம்புக்கு நடுவே 75 மைக்ரோ நொடிக்குக் கீழே என்றால் ஒற்றை (அரை பிட்), 75 முதல் 125 என்றால் இரட்டை (இரண்டு அரை பிட்), அதற்கு மேல் இருட்டு என்றால் பைட் எல்லை. வெளிச்சம் 60, இருட்டு 40 என்று கோணினாலும் இந்த முறை தடுமாறாது.

போட்டோடையோடுக்கு முன்னால் உள்ளே கறுப்படித்த குழாய்: உள்விட்டம் 15 மி.மீ., நீளம் 40 மி.மீ. மொத்தப் பார்வைக் கோணம் சுமார் 25 டிகிரி. 5 மீட்டரில் போர்டு அடைப்பது 11 டிகிரி. கை சற்று ஆடினாலும் போர்டு வெளியே போகாது. லென்ஸ் போட்டால் சிக்னல் பல மடங்கு கூடும் என்பது உண்மை. 25 மி.மீ. குவியத்தூர லென்ஸ் போட்டால் பார்வைக் கோணம் 6 டிகிரியாகச் சுருங்கும். கண்ணால் பார்த்துக் குறிவைக்க முடியாதவர் கையில் அதைக் கொடுப்பது நியாயமல்ல. சுற்று வெளிச்சத்தைக் குறைக்கச் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டினால் பாதிதான் பலன். சூரியனின் அகச்சிவப்பு அதற்குள் தாராளமாகப் போகும், பி.பி.டபிள்யூ.34 அதைத்தான் அதிகம் விரும்பும். பழுதான வெப்கேமராவின் லென்ஸுக்குப் பின்னால் நீலப்பச்சையாகப் பளபளக்கும் சிறு கண்ணாடித் துண்டு இருக்கும். அகச்சிவப்பைத் தடுப்பது அது. தாளோடு அதையும் சேர்த்தால்தான் சரி.

குழாய்க்குள் நேரடி வெயில் விழுந்தால், சுமார் 3 மில்லி ஆம்பியர், எந்த ஏற்பாடும் நிற்காது. கிழக்குப் பார்த்து நிற்கும்போது காலையில் போர்டுக்குப் பின்னாலிருந்து வெயில் வரும் நடைமேடைகளில் இது நடக்கும். முதல் ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டை நானோவின் அனலாக் முனை பார்த்துக்கொண்டே இருந்து, 4.3 வோல்ட்டைத் தாண்டினால் பெட்டி மூன்று முறை அதிர வேண்டும். ‘வெயில் அடிக்கிறது, இரண்டடி தள்ளி நில்லுங்கள்’ என்று அதற்குப் பொருள். அது இல்லாவிட்டால் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். போர்டைத் தேடவும் இதே போன்ற உதவி வேண்டும்: சிக்னல் கூடக் கூட காதில் ஒலிக்கும் சுருதி ஏற வேண்டும், பொதி பிடிபட்டதும் ஒரு சிறு அதிர்வு.

குரலும் எழுத்தும்

மைக்ரோ கன்ட்ரோலரில் தமிழ் வாசிப்பு மென்பொருள் ஏற்றுவது வீண் சிரமம். ஊர்ப் பெயர்களைப் பதிவு செய்து மெமரி கார்டில் போட்டு, டி.எஃப். பிளேயர் மினி என்ற சிறு ஒலி மாட்யூலால் ஒலிக்கச் செய்வது போதும். ‘தென்காசி’, ‘அம்பை வழி’, ‘கடையம் நிற்கும்’, எண்கள், ‘மணி’, ‘நிமிடம்’ எல்லாம் தனித்தனித் துண்டு. போர்டு அனுப்புவது துண்டு எண்களை மட்டும்; எட்டு எண்ணில் ஒரு முழு அறிவிப்பு அடங்கும். புதிய ஊரை எழுத்தாகவே அனுப்ப வேண்டிவந்தால் யூனிகோடின் வழக்கமான யு.டி.எஃப்.-8 வடிவத்தை அப்படியே ஏற்ற வேண்டாம். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தின்னும். ‘பாபநாசம்’ 8 குறி, 24 பைட். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியதே 128 இடம்தான். தொடக்க எண்ணைக் கழித்துவிட்டு 128 கூட்டினால் எல்லாமே ஒரு பைட்டுக்குள் அடங்கும். ஆங்கில எழுத்தும் எண்ணும் கீழ்ப் பாதியில் இருந்துகொள்ளும்.

டி.எஃப். பிளேயர் ஒலிக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் ஆப்-ஆம்ப்பின் சப்ளையை ஆட்டும். பேச ஆரம்பித்ததும் தகவல் அறுந்துபோவது அதனால்தான். ஆப்-ஆம்ப்புக்குப் போகும் கம்பியில் 47 ஓம், 100 மைக்ரோ ஃபேரட் வடிகட்டி வேண்டும். 5 வோல்ட்டாக ஏற்றித் தரும் பூஸ்ட் மாட்யூலைத் தவிர்த்து, ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி நான்கு போடுவது அமைதியானது. இயர்ஃபோன் ஒரு காதுக்கு மட்டும். மறு காது வண்டிச் சத்தத்துக்கு.

போர்டு பக்கத்தில் மிஞ்சும் தொல்லைகள்

எழுத்தின் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கும். 1,150இல் 500 மைக்ரோ நொடிதான் எரிகிறது, 43 சதவீதம். கூரைக்கு அடியில் இருக்கும் நடைமேடை போர்டுக்கு இது போதும். தெருவைப் பார்த்து வெயிலில் நிற்கும் கடை போர்டுக்குப் போதாது. அங்கே ஒவ்வொரு பிட்டிலும் 75 மைக்ரோ நொடி எரியவிட்டு, 25 மைக்ரோ நொடி இருட்டை முன்னாலோ பின்னாலோ வைப்பது நல்லது. இரவில் கண் கூசினால் அதையே திருப்பி, 25 எரிந்து 75 அணையலாம். நீளங்கள் மாறுவதால் வாங்கும் பக்கத்தின் கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

ஒரு குழு முழுதும் எரிந்தால், எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் வீதம், 7.7 ஆம்பியர். அதை நொடிக்குப் பத்தாயிரம் முறை வெட்டி ஒட்டுகிறோம். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி லேசாகக் கீச்சிடும், அது பெரிதல்ல. ஒல்லிக் கம்பியில் மூன்று பேனலையும் தொடர்ச்சியாகக் கோத்திருந்தால் கடைசிப் பேனலில் மின்னழுத்தம் துள்ளி, 595 சில்லுகளில் இருக்கும் தகவல் கெட்டு, சம்பந்தமில்லாத புள்ளிகள் மின்னும். ஒவ்வொரு பேனலுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.இலிருந்தே தனி ஜோடிக் கம்பி, ஒவ்வொரு பேனலின் வாயிலில் 2,200 மைக்ரோ ஃபேரட், 10 வோல்ட் கப்பாசிட்டர். 5 வோல்ட், 20 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். தாராளம்.

வெளிப்புறப் பேனலின் எல்.இ.டி. முட்டைவடிவக் குமிழ் கொண்டது. ஒளி அகலவாக்கில் விரியும், உயரவாக்கில் குறுகும். போர்டுக்கு நேர் கீழே நிற்பவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. மூன்று மீட்டர் உயரத்தில் மாட்டினால் முன்பக்கம் 10 டிகிரியாவது குனிந்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது தகரக் கூரை அதிரும். ஒற்றை போல்ட்டில் தொங்கும் போர்டு கோணம் மாறிப்போகும், இரண்டு பக்கமும் தாங்கி வேண்டும். முன் அக்ரிலிக்கில் படியும் தூசி ஒளியைச் சிதறடிக்கும், ஈரத்துணியால் துடைப்பதைக் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெட்டி எதற்கு, செல்போன் கேமராவே வாங்காதா? வாங்கும், ஆனால் கொஞ்சம்தான். போன் கேமரா படத்தை வரிசை வரிசையாக எடுக்கிறது. ஒரு வரிசைக்குச் சுமார் 15 மைக்ரோ நொடி என்று கொள்வோம். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால், 5 மீட்டரில் 160 மி.மீ. உயர போர்டு 50 வரிசையைத்தான் அடைக்கும். அது 750 மைக்ரோ நொடி, ஒரு பைட் கூடத் தேறாது. போனை நட்டமாகப் பிடித்தால் வரிசைகள் போர்டின் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சுமார் 300 வரிசை, படத்துக்கு நாலு பைட் வரை. எக்ஸ்போஷரைக் கைமுறையாக 50 மைக்ரோ நொடிக்குக் கீழே வைக்க வேண்டும், எல்லா போனிலும் அது முடியாது.

பக்கத்து நடைமேடையின் போர்டு 25 டிகிரிக்குள் நுழைந்தால் இரண்டும் மோதும். இடைவெளி 3 மீட்டருக்கு மேல் இருந்தால் குழாயே பார்த்துக்கொள்ளும். நெருக்கமாக இருந்தால் குழாயை 60 மி.மீ. ஆக்குங்கள், கோணம் சுமார் 17 டிகிரியாகக் குறையும். தேடுவது மட்டும் சற்றுக் கடினமாகும்.

புதிய தடம் சேரும்போது போர்டை மட்டும் மாற்றிவிட்டு மெமரி கார்டுகளை மறந்துவிடுவதுண்டு. பெட்டிக்குத் தெரியாத துண்டு எண் வந்தால் அது பேசாமல் இருந்துவிடக் கூடாது. நடைமேடை எண்ணையும் நேரத்தையும் சொல்லி, ‘வழியைக் கேட்டுக்கொள்ளவும்’ என்ற துண்டை ஒலிக்க வேண்டும். அந்த ஒரு துண்டை 255ஆம் எண்ணில் எல்லாக் கார்டிலும் முதலிலேயே போட்டுவைக்க வேண்டும்.